விட்மோர் நோய்: ரங்கூன் பிணவறையில் கண்ட கிருமி, நம் வயல்காரர்களின் சீழில்

#1 லேப்_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் (பழைய ரங்கூன்) ஒரு லேபில் மைக்ரோபயாலஜி, அதாவது கிருமிகளைப் பார்க்கும் பிரிவில் 18 வருஷமாக இருக்கிறேன். இந்தக் குழுவில் பாதிப்பேர் பெகு, தட்டோன், பிலின் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பங்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு சீழ் மாதிரி வந்தது. ஆளுக்கு அறுபது வயசு, நம் தமிழ் ஆள், வயல் வேலை, பத்து வருஷமாகச் சர்க்கரை. காய்ச்சல், இருமல், இடுப்புக்கு மேலே ஒரு கட்டி. மூணு மாசமாக டி.பி. மருந்து சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போயிருக்கிறார். சளியில் டி.பி. கிருமி ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னக் குச்சிகள், இரண்டு முனையும் அழுத்தமாக, நடுவில் வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி. கிருமி வளர்க்கிற பிளேட்டில் முதல் நாள் தூசி தட்டினாற்போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். கூட வேலை பார்க்கிற பெண் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதப் போனாள். வேண்டாம், வை என்றேன். மூணாம் நாள் வெயிலில் காய்ந்த வடகம் போல வறண்டு, சுருக்கம் சுருக்கமாக நின்றது. ஆக்சிடேஸ் சோதனை போட்டால் ஊதா. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மருந்து வில்லைகள் வைத்தேன்: ஜென்டாமைசின் வில்லையை ஒட்டி வளர்ந்திருக்கிறது, கோலிஸ்டின் வில்லையை ஒட்டியும் வளர்ந்திருக்கிறது, கோ-அமாக்சிகிளாவ் வில்லையைச் சுற்றி மட்டும் அகலமான வெற்று வட்டம். இந்த மூணும் சேர்ந்தால் ஒரு பெயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். பழைய டாக்டர்கள் விட்மோர் நோய் என்பார்கள்.

ஃபோன் செய்தேன். மகன் எடுத்தார். அப்பாவை முந்தின நாள்தான் எரித்தோம் என்றார்.

அப்புறம் அந்தக் கோப்பைப் புரட்டினேன். வேறோர் இடத்தில் இரண்டு தடவை கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் ‘சூடோமோனாஸ் வகை, வெளிக்கலப்பாக இருக்கலாம்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். கிருமி இரண்டு தடவை தானாக வந்து முகத்தைக் காட்டியிருக்கிறது, இரண்டு தடவையும் குப்பைக்குப் போயிருக்கிறது. அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இதில் என்னை வதைப்பது என்னவென்றால், இந்த நோயை உலகத்திலேயே முதன்முதலில் கண்டது நம் ரங்கூனில். 1911-இல் ரங்கூன் பிணவறையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற நோய்க்குறியியல் டாக்டர், கூட உதவி சர்ஜன் சி.எஸ்.கிருஷ்ணசுவாமி. அடுத்த வருஷம் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நம் மண்ணின் நோய், நம் ஊரில் கண்டுபிடித்தது, அதை நாம் தூக்கி எறிகிறோம்.

வயலில் இறங்குகிற, சர்க்கரை உள்ள ஆளுக்குக் காய்ச்சலோ சீழ்க்கட்டியோ வந்தால் கல்ச்சர் கேளுங்கள். ஒரு நாளில் முடிக்காமல் குறைந்தது நாலைந்து நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகத்தான் எழுதினேன்.

#2 பிலின்_நெல்வயல்

அக்கா, படிச்சிட்டு மனசு கெட்டுப்போச்சு. எங்க ஊர்ல போன அஞ்சு வருஷத்துல ரெண்டு பேர் இப்படித்தான் போனாங்க. ‘மழைக்காய்ச்சல், நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு’ன்னாங்க. ரெண்டு பேருக்கும் சுகர். இது ஒட்டுவாரொட்டியா? வீட்ல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வருமா?

#3 லேப்_அக்கா

தம்பி, மனுஷர்கிட்டேயிருந்து மனுஷருக்கு வருவது மிக மிக அபூர்வம். பயப்படாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். கிருமி இருப்பது சேற்றிலும் தேங்கின தண்ணீரிலும். காலில் இருக்கிற வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போகும். பெருமழை, புயல் சமயத்தில் காற்றோடு மூச்சிலும் போகும், கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடித்தாலும் போகும். மழைக்காலத்தில் ஆட்கள் அதிகமாகப் படுப்பது அதனால்தான்.

#4 மூணாம்வருஷம்

யாங்கோன்ல மருத்துவம் படிக்கிறேன், அக்கா. எங்களுக்கு இது ஒரு வரிதான். ‘விட்மோர், ரங்கூன், சேஃப்டி பின், செஃப்டாசிடிம்.’ ஒரு மார்க் கேள்வி. வார்டுல இதுவரைக்கும் யாரும் இந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தினம் அந்தச் சிவப்புச் செங்கல் பெரியாஸ்பத்திரியைத் தாண்டித்தான் போறேன், அந்த ஊர்ல நடந்த கதைன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. விட்மோர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு விவரமா எழுதுங்களேன்.

#5 லேப்_அக்கா

எழுதுகிறேன் அம்மா, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது.

அப்போது ரங்கூனில் தெருவோரம் கிடந்து செத்தவர்களை அறுத்துப் பார்ப்பது விட்மோரின் வேலை. எலும்பும் தோலுமான உடம்புகள், பலர் கையில் மார்ஃபியா ஊசிக் குத்துகள். நுரையீரல் பாலாடைக்கட்டி மாதிரி இறுகி, ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் சீழ்க்கட்டிகள். பார்வைக்குக் குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் போல இருந்தது. ஆனால் இவர்கள் குதிரை வைத்துப் பிழைத்தவர்கள் இல்லை.

வேறொருவராக இருந்தால் ‘கிளாண்டர்ஸ்’ என்றே எழுதி மூடியிருப்பார். அவர் கிருமியை வளர்த்துப் பார்த்தார். கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. அதைவிட வேகமாக, செழிப்பாக வளர்ந்தது. கினிப்பன்றிக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதே நோய் வந்தது, ஆனால் ஆண் கினிப்பன்றிக்குக் கிளாண்டர்ஸில் வரும் விதை வீக்கம் வரவில்லை. வேறு கிருமி என்று அப்படித்தான் உறுதிப்படுத்தினார். 1913 கட்டுரையில் 38 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1917-இல் கிருஷ்ணசுவாமி மார்ஃபியா ஊசி போடுகிறவர்களுக்கு வரும் இரத்த நஞ்சேற்றம் என்ற தலைப்பில் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

மெலியாய்டோசிஸ் என்ற பெயர் பின்னால் 1921-இல் மலாயாவில் ஸ்டான்டன், ஃபிளெட்சர் இருவரும் வைத்தது. கழுதை, குதிரைக்கு வரும் நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து.

#6 பர்மாநகர்_பேரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அறுபதுகளில் கையில் ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்கள் நாங்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அப்படியானால் தெருவில் செத்து அந்தப் பிணவறை மேசைக்கு வந்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஊர் பேர் தெரியாமல் செத்தவர்கள் உடம்பிலிருந்துதான் உலகத்துக்கே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. அதோடு கிருஷ்ணசுவாமி என்ற தமிழ் டாக்டரின் பெயரை விட்டுவிட்டு விட்மோர் பெயரை மட்டும் நோய்க்கு வைத்திருக்கிறார்கள். இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

#7 ஓய்வு_டாக்டர்

பேரன் அவர்களே, உங்கள் வேதனை நியாயம். ஆனால் கிருஷ்ணசுவாமி என்ற பெயர் தெலுங்கரிலும் கன்னடரிலும் உண்டு. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நம்மவர் என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக அச்சாகியிருக்கிறது, 1917 கட்டுரை முழுக்க அவருடையது. எந்த மொழிக்காரராக இருந்தாலும் அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டியதே.

லேப் அக்காவிடம் ஒரு கருத்து வேறுபாடு. நான் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் இருந்தவன். உலகில் டி.பி. அதிகமாக உள்ள நாடுகளில் நம்முடையதும் ஒன்று. இருமலோடு இளைத்து வருகிற ஆளுக்கு முதலில் டி.பி. நினைப்பது தவறாகாது. மழைக்காலக் காய்ச்சலில் லெப்டோ உண்டு, ஸ்க்ரப் டைஃபஸ் உண்டு, டெங்கு உண்டு, மலேரியா உண்டு. எல்லோரும் மெலியாய்டோசிஸ் என்று பயந்து யாங்கோனுக்கு ஓடினால் ஏழைக் குடும்பம் கடனில் விழும். கல்ச்சர் வசதி உள்ள ஆஸ்பத்திரி எத்தனை இருக்கிறது?

#8 லேப்_அக்கா

ஐயா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். முதலில் டி.பி. நினைத்தது தப்பில்லை. சளியில் கிருமி இல்லை, மருந்தில் முன்னேற்றமும் இல்லை என்ற பிறகும் மூணு மாசம் அதையே நினைத்ததுதான் தப்பு. நான் எல்லாக் காய்ச்சலுக்கும் சொல்லவில்லை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஓயாத குடி, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், இதில் ஏதாவது ஒன்றோடு வயல் சேறும் சேர்ந்த ஆள், கூடவே நிமோனியாவோ ஈரல், மண்ணீரலில் கட்டியோ. அந்த ஆளுக்கு மட்டும் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக எழுதுகிற மருந்து இதற்குக் கேட்காது. பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஒன்றும் பலிக்காது. உள்ளே போகிற ஜென்டாமைசினை இந்தக் கிருமி பம்ப் வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளிவிடும். கோலிஸ்டின் ஒட்ட வேண்டிய வெளிச்சவ்வில் ஒரு சர்க்கரைத் துண்டைச் சேர்த்து வைத்திருப்பதால் மருந்து பிடிப்பதற்கு இடம் கிடைக்காது. செஃப்ட்ரையாக்சோன் வில்லையைச் சுற்றி வட்டம் வரலாம், ஆனால் அதைக் கொடுத்த நோயாளிகள், இந்த நோய்க்கான ஊசி மருந்தான செஃப்டாசிடிம் கொடுத்தவர்களைவிட அதிகமாகச் செத்திருக்கிறார்கள். நம் டவுன்ஷிப்களில் நிமோனியா என்றால் முதலில் கை போவது செஃப்ட்ரையாக்சோனுக்குத்தானே ஐயா?

#9 ஓய்வு_டாக்டர்

உண்மை. நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன், பல நூறு தடவை.

#10 மூணாம்வருஷம்

செஃப்டாசிடிம் ஆய்வு பத்தி லைப்ரரியில உட்கார்ந்து படிச்சேன். தாய்லாந்து ஊபோன்ல நடத்தி 1989-இல லான்செட் மருத்துவ இதழ்ல போட்டிருக்காங்க. பழைய மருந்துக் கலவை வாங்கினவங்கள்ல 74 சதவீதம் இறப்பு, செஃப்டாசிடிம் வாங்கினவங்கள்ல 37 சதவீதம். படிச்சிட்டுத் தூக்கமே வரல. பாதிப்பேருக்குப் பழைய மருந்தையே கொடுத்திருக்காங்க. அவங்கள்ல நாலுக்கு மூணு பேர் போயிருக்காங்க. இது நியாயமா?

#11 ஓய்வு_டாக்டர்

பெண்ணே, இந்தக் கேள்வி உனக்கு வந்ததே நல்லது. வராதவர்கள்தான் ஆபத்தானவர்கள்.

அந்த நாளில் குளோராம்ஃபெனிகால், டாக்சிசைக்கிளின், கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்த கலவைதான் உலகம் முழுக்கக் கொடுத்த சிகிச்சை. புதியது மேல் என்று யாருக்கும் தெரியாது. சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்த மருந்து மனிதரில் தோற்ற கதைகள் எத்தனையோ உண்டு. செஃப்ட்ரையாக்சோன் கதையை அக்கா மேலே சொன்னார். தெரியாத நிலையில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததால்தான் இறப்பு பாதியாகிறது என்று தெரிந்தது. அப்படிச் செய்யாமல் அவரவர் அனுபவப்படி கொடுத்திருந்தால் இன்னும் இருபது வருடம் பழைய கலவையே ஓடியிருக்கும், 74 சதவீதமும் அப்படியே ஓடியிருக்கும்.

நியாயம் கெடுகிற இடம் வேறு. தெரிந்த பிறகும் கொடுக்காமல் இருப்பது. 1989-இல் வந்த முடிவு. ரங்கூனிலிருந்து ஊபோன் எவ்வளவு தூரம்? அது நம் டவுன்ஷிப் மருந்துச் சீட்டுக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார். அந்தக் கணக்கில் எனக்கும் பங்கு உண்டு.

#12 பர்மாநகர்_பேரன்

டாக்டர் ஐயா, பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். விட்மோர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மார்ஃபியா ஊசிக்காரர்கள் என்றால், இது ஊசி வழியாக வருகிற நோயா, சேற்று நோயா?

#13 லேப்_அக்கா

அங்கேதான் எல்லோரும் வழுக்கினார்கள். பிணவறைக்கு வந்தவர்கள் ஊசிக்காரர்கள் என்பதால் ஊசிதான் காரணம் என்று கொஞ்ச காலம் நினைத்தார்கள். மலாயாவில் எலி மேல் பழி போட்டார்கள். 1950-களில் வியட்நாமில் சேற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிருமியை எடுத்த பிறகுதான் மண்ணே வீடு என்று தெளிவானது. பர்மா மண்ணிலும் தேடி எடுத்திருக்கிறார்கள்.

உள்ளே போன கிருமி சும்மா ஒளிந்துகொண்டும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 வருஷம் கழித்து வெளிப்பட்டிருக்கிறது. அதே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஜனங்கள் இதே சேற்றில்தான் கிடந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இதில் போனார்களோ என்று அந்த அமெரிக்கரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது தோன்றியது. அவர்களுக்கு யார் கல்ச்சர் எடுத்தார்கள்?

#14 மூணாம்வருஷம்

சர்க்கரைக்காரங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு தேடினேன். நோய் வந்தவங்கள்ல ஏறக்குறையப் பாதிப்பேர் சர்க்கரைக்காரங்க. வெள்ளணுக்கள் கிருமி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்றதும் மந்தம், போனாலும் கொல்றது மந்தம். இன்னொரு பக்கம், உடம்புல குளூட்டதயோன்னு ஒரு பொருள் இருக்கு, செல்லுக்குள்ள துரு பிடிக்காம காக்குற மாதிரி. அது சர்க்கரைக்காரங்க இரத்தத்துல குறைஞ்சு போறதால, உள்ளே புகுந்த கிருமியைக் கட்டுப்படுத்தச் சொல்லி அனுப்புற சமிக்ஞை பலவீனமாகுதாம். இந்தக் கிருமியோ செல்லுக்குள்ளேயே புகுந்து, பக்கத்துச் செல்லுக்கும் உள்வழியாகவே தாண்டுது.

கிளிபென்கிளமைடு மாத்திரை சாப்பிட்ட சர்க்கரைக்காரங்களுக்கு மெலியாய்டோசிஸ் வந்தா இறப்பு குறைவுன்னு 2011-இல ஒரு ஆய்வு வந்திருக்கு. அது அழற்சியைத் தணிக்குதாம். அப்போ வயல்காரங்களுக்கு அந்த மாத்திரையையே கொடுத்திடலாமா?

#15 லேப்_அக்கா

வேண்டாம் அம்மா. அந்த ஆய்வு ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டது, ஊபோனில் செஃப்டாசிடிமுக்குச் செய்தது போலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது அல்ல. வயசானவர்கள் வயலில் சாப்பாடு தள்ளிப்போய் அந்த மாத்திரையால் சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாத்திரை என்பது அவரவர் டாக்டர் பாடு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் போதும்.

#16 பிலின்_நெல்வயல்

அக்கா, அவசரம். மச்சானுக்கு ஒரு வாரமா குளிர் காய்ச்சல், வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலி. வயசு 52, சுகர் 300-க்குக் கீழே வந்ததே இல்ல. ஸ்கேன்ல ஈரல்ல ‘தேன்கூடு மாதிரி கட்டி’ன்னு எழுதியிருக்காங்க. நீங்க எழுதினதைச் சயாகிட்ட (எங்க டாக்டர்) ஃபோன்லயே காட்டினேன். கோவிச்சுக்கல, பொறுமையா முழுசும் படிச்சாரு. இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினாரு. இன்னிக்கு ‘வளர்ச்சி இல்லை’ன்னு வந்திடுச்சு. அப்போ அது இல்லதானே?

#17 லேப்_அக்கா

தம்பி, அப்படிச் சொல்ல முடியாது! ஒரே தடவை எடுக்கிற கல்ச்சர் இந்த நோயுள்ள பத்துப் பேரில் ஆறு பேரைத்தான் பிடிக்கும். மறுபடி எடுக்கணும்: இரத்தம், சிறுநீர், சளி, தொண்டை, கட்டியில் ஊசி போட்டு எடுக்க முடிந்தால் சீழ். ஈரலில் தேன்கூடு என்று எழுதியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. மருந்து பற்றி நான் சொல்லக் கூடாது, சயாவிடம் ‘ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே செஃப்டாசிடிம் தொடங்கலாமா’ என்று கேளுங்கள். மாதிரிச் சீட்டில் ‘மெலியாய்டோசிஸ் சந்தேகம்’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் லேப்காரர்கள் அதற்கான தனி ஆகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) போடுவார்கள், பிளேட்டை மூடிப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வைத்துக் கையாள்வார்கள், முகர்ந்து பார்க்க மாட்டார்கள். அது அவர்கள் உயிருக்கும் பாதுகாப்பு.

#18 ஓய்வு_டாக்டர்

நெல்வயல் தம்பி, இன்றைக்கே கேளுங்கள். இந்த நோயில் ஒரு நாள் என்பது பெரிய காலம். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், அந்தச் சயா விரும்பினால் என்னோடு பேசட்டும்.

#19 பிலின்_நெல்வயல்

எட்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். சயா அன்னிக்கு ராத்திரியே ஊசி தொடங்கிட்டாரு. ஈரல் சீழ்ல அஞ்சாம் நாள் வளர்ந்திடுச்சு. அதேதான் அக்கா. லேப்ல இருந்த பையன் ‘சுருங்கின வடகம் மாதிரி இருக்கு’ன்னு சொன்னானாம், உங்க எழுத்தை அவனும் படிச்சிருக்கான். காய்ச்சல் இன்னும் விடல.

#20 லேப்_அக்கா

காய்ச்சல் விட ஒன்பது, பத்து நாள் ஆவது இதில் சகஜம், ஈரலில் கட்டி இருந்தால் இன்னும் நீளும். அதை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ஊசி குறைந்தது இரண்டு வாரம், இவருக்குக் கூடுதலாகவே ஆகும். அதன் பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 12 வாரம். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தினவர்களுக்குத்தான் திரும்பி வருகிறது. மாத்திரை நாட்களில் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரக அளவு), பொட்டாசியம் பார்க்கணும், தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்டணும்.

#21 மூணாம்வருஷம்

முன்னெல்லாம் ஊசிக்குப் பிறகு கோ-ட்ரைமாக்சசோலோட டாக்சிசைக்கிளினும் சேர்த்துக் கொடுப்பாங்க. தாய்லாந்துல பிரிச்சுக் கொடுத்துப் பார்த்து, தனியாக் கொடுத்தாலே குறைவில்லைன்னு 2014 லான்செட்ல போட்டாங்க. மச்சானுக்கு ஒரு மருந்து மிச்சம். நாளைக்கு எங்க குழு பாடம் எடுக்கணும், நான் இந்த நோயைத்தான் எடுக்கப்போறேன். 1911 பிணவறையிலேருந்து தொடங்குவேன். கிருஷ்ணசுவாமி பேரையும் போர்டுல எழுதுவேன்.

#22 பிலின்_நெல்வயல்

ஒரு கேள்வி. பூட்ஸ் போடுங்கன்னு சொல்றாங்க. நாத்து நடுறப்போ பூட்ஸ் சேத்துல மாட்டிக்கும், கால எடுத்தா பூட்ஸ் அங்கேயே நிக்கும். எங்களால முடியல.

#23 லேப்_அக்கா

தாய்லாந்து விவசாயிகளும் இதையேதான் சொல்கிறார்கள். நடவுக்கு முடியாவிட்டால் விடுங்கள். வாய்க்கால், வரப்பு வேலை, உரம் போடுகிற வேலைக்குப் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருக்கும், முள் குத்தினாலும் தெரியாது. அதனால் இறங்கும் முன்னே குதிகால் வெடிப்பை வீட்டில் வேறொருவர் விளக்கடியில் வைத்துப் பார்க்கட்டும். காயம் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். ஏறினதும் சோப்பு போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வாய்க்கால் தண்ணீரில் இல்லை. குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்.

#24 பிலின்_நெல்வயல்

மச்சான் வீட்டுக்கு வந்துட்டாரு. ஊசி நாலு வாரம் ஓடிச்சு. சுகர் இப்போ 160, இன்சுலின் எங்க அக்காதான் போட்டு விடுறாங்க. மாத்திரை ரெண்டாவது வாரம், கோயில் காலண்டர்ல ஒவ்வொரு நாளும் அடிச்சு வைக்கிறோம். நேத்துப் பொட்டாசியம் பார்த்தாச்சு, பரவாயில்லைன்னாரு சயா. 12 வாரம் முடியறது தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.